கனவுக்குக் கணக்கு எழுதும் முறை

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அவர் டிரிப் முடிந்து வந்தால் டீசல், டோல், பேட்டா, பஞ்சர், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நான் நீள நோட்டில் ஏற்றுவேன். 2011-ல் என் அம்மா இறந்து காரியமெல்லாம் முடிந்த மறுநாள் விடியக்காலையில் ஒரு கனவு வந்தது. எங்கள் பழைய தோட்டத்துக் கிணற்றடியில் அம்மா உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறாள். நான் வாளியை இறக்குகிறேன். கயிறு போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, வாளி தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் வரவில்லை. விழித்தபோது கைக்கு எட்டியது அந்த டிரிப் நோட்டுதான். அதன் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது.

இது தெரிந்தவர்கள் "இந்தக் கனவுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பலன் சொல்லுவதில்லை. நோட்டுப் போடச் சொல்லுவேன். ஒருவர் கனவுக்கு அர்த்தம் அவர் வாழ்ந்த நாட்களில்தான் இருக்கிறது, அந்த நாட்கள் எனக்குத் தெரியாது. எப்படிப் போடுவது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கனவு இருக்கும் நேரம்

"விடியக்காலைக் கனவு பலிக்கும்" என்று என் அப்பத்தா சொல்லும். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது.

ராத்திரி முழுக்க நாம் தூங்குவது ஒரே மாதிரித் தூக்கம் இல்லை. ஏறத்தாழ 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று, ராத்திரிக்கு நாலைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் இங்குமங்கும் வேகமாக ஓடும் ஒரு கட்டம் வரும். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனையே தூங்கவைத்து, கண்ணோரத்தில் கம்பி ஒட்டிப் பதிவெடுத்துப் பார்த்தார். அவரும் அவருடைய ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் 1953-ல் இதை வெளியிட்டார்கள். கண் ஓடும்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவைச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் எழுப்பினால் சொன்னவர்கள் குறைவு. இந்தக் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பேர். மற்ற நேரத்திலும் கனவு உண்டு, ஆனால் அது துண்டு துண்டாக, ஏதோ யோசனை ஓடுவதுபோல இருக்கும். கதையாக விரிகிற கனவு பெரும்பாலும் ரெம் தூக்கத்தில்தான்.

இதைப் பார்க்க மெஷின் வேண்டாம். விடிய நாலு, நாலரைக்கு நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில், இமைக்கு அடியில் கருவிழியின் மேடு இடமும் வலமும் நகரும், வேட்டிக்கு அடியில் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி ஓடும். மூச்சு சீராக வராமல் தத்தித் தத்தி வரும். சுண்டுவிரல் துடிக்கும். அந்த நேரத்தில் அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கட்டம் முதல் சுற்றில் பத்து நிமிஷம்கூட இருக்காது. போகப் போக நீளும், விடியும் நேரத்துச் சுற்றில் அரை மணிக்கு மேலும் போகும். அப்பத்தா சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீளமான கனவு விடியும்போது வருகிறது, வந்த கையோடு விழித்தும் விடுகிறோம், அதனால் ஞாபகம் நிற்கிறது. ஞாபகம் நின்ற கனவைத்தானே பலித்ததா இல்லையா என்று பார்க்க முடியும்?

அதனால் பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு அலாரம் வைத்து எழுகிறவர் "எனக்குக் கனவே வருவதில்லை" என்றால், நான் முதலில் சொல்வது தூக்கத்தைக் கூட்டுங்கள் என்றுதான். கனவு அதிகம் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தை அவர் அலாரத்துக்குக் கொடுத்துவிடுகிறார். குடிக்கிறவர்களுக்கும் இப்படித்தான். ராத்திரி குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் ரெம் தூக்கம் அமுங்கிவிடும், குடியை நிறுத்திய புதிதில் அமுங்கியது பொங்கி வரும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட டிரைவர்கள் "மாலை போட்டதிலிருந்து ஒரே கனவாக வருதுங்க" என்று பட்டறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாளில் அடங்கும். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, கை நடுங்கி, விழித்திருக்கும்போதே இல்லாதது தெரிகிறது என்றால் அது கனவு விஷயம் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

அசையாமல் படுத்திருங்கள்

நோட்டு தலைமாட்டில், படுத்தபடியே கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். பேனாவை விட பென்சில் நல்லது, மல்லாந்து படுத்தும் எழுதலாம். நான் நோட்டுக்கு ஒரு நூலில் பென்சிலைக் கட்டியே வைத்திருக்கிறேன். செல்போனில் எழுதாதீர்கள். எழுதத்தான் எடுப்போம், ஆனால் அந்த வெளிச்சமும் அதில் வந்து கிடக்கிற மெசேஜும் பார்த்த மாத்திரத்தில் கனவு போய்விடும்.

தூங்கப்போகும்போது "நாளைக்கு எழுந்ததும் கனவை நினைக்கணும்" என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டுப் படுங்கள். சின்ன விஷயம், ஆனால் எனக்கு அது பலித்திருக்கிறது.

முக்கியமானது விழித்த அந்த முதல் நிமிஷம். கண்ணைத் திறக்காதீர்கள், புரளாதீர்கள், கைகாலை நீட்டாதீர்கள். ரெம் தூக்கத்தில் நாரட்ரினலின் என்ற ரசாயனம் மூளையில் மிகவும் குறைந்திருக்கும். நடந்ததைப் பதியவைக்க உதவுவது அது. அதனால் கனவு ஈரத் தரையில் போட்ட கோலம் மாதிரி, பார்க்கும்போதே கலையும். கனவின் கடைசித் துண்டு ஏதாவது ஒன்று கையில் இருக்கும். ஒரு முகம், ஒரு கதவு, ஒரு வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போங்கள். இந்தக் கதவுக்கு முன்னால் எங்கே இருந்தேன்? அதற்கு முன்னால் கூட யார் இருந்தது? கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல மெதுவாக இழுத்தால் மேலே வரும்.

ஒன்றும் வரவில்லையா? அப்போது மட்டும் நீங்கள் வழக்கமாகத் தூங்குகிற மற்றப் பக்கம் மெல்லப் புரண்டு படுத்துப் பாருங்கள். இடது பக்கம் படுத்திருந்தபோது கண்ட கனவு இடது பக்கம் திரும்பியதும் கிடைத்தது என்று என் நோட்டில் பல இடத்தில் குறித்திருக்கிறேன். அப்படியும் வரவில்லை என்றால் மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். "படபடப்பு." "யாரையோ தேடின மாதிரி." அவ்வளவு போதும். ஒரு வாரம் வெறும் இந்த வரிகளாகவே போகும். இரண்டாவது வாரத்தில் கனவு தானாக நீளும். இதுவரை நோட்டுப் போட்ட யாருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் காலியாகப் போனதில்லை.

இடது பக்கம் கனவு, வலது பக்கம் நாள்

கணக்கு நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். நான் கனவையும் அப்படித்தான் எழுதுகிறேன். இடது பக்கத்தில் காலையில் கனவு. வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து அதை நிரப்புவேன்.

இடது பக்கத்தில் தேதி, விழித்த மணி, அப்புறம் கனவில் இருந்த உணர்ச்சி. உணர்ச்சியை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் பொய் சொல்லும், உணர்ச்சி சொல்லாது. பாம்பு வந்திருக்கும், ஆனால் பயமே இருந்திருக்காது. கல்யாண வீடாக இருக்கும், ஆனால் வயிற்றைப் பிசைந்திருக்கும். அதற்கப்புறம் கனவை, நடந்துகொண்டிருப்பதுபோல எழுதுங்கள்: வருகிறேன், பார்க்கிறேன், சொல்கிறான். திருத்தாதீர்கள். இடையில் தொடர்பு இல்லையென்றால் தொடர்பு இல்லாமலே எழுதுங்கள். நாமாக ஒரு "அதனால்" போட்டால் அன்றைக்கே கனவு கெட்டது.

என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்.

"14 மார்ச் 2025, வெள்ளி, 4.50. தொண்டை அடைக்கிறது. மானம் போன மாதிரி. பட்டறையில் பேரேட்டை விரிக்கிறேன். எண்ணெல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கிறது, காயவில்லை. எட்டு என்று படிக்கிறேன். திரும்பப் பார்த்தால் மூணு. கூட்டுகிறேன், கை முழுக்க மஞ்சள் பெயிண்ட். முதலாளியின் அப்பா (செத்துப் பத்து வருஷம்) நாற்காலியில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் பார்க்கிறார்."

அன்று சாயங்காலம் வலது பக்கத்தில் எழுதியது: "மார்ச் வந்தால் கணக்கு முடிக்கிற கவலை, சரி. ஆனால் பெயிண்ட் ஏன்? போன வாரம் சனிக்கிழமை நம்பர் எழுதுகிற பெயிண்டர் மகள் காலேஜ் ஃபீஸுக்கு 8,000 அட்வான்ஸ் கேட்டார். 3,000 கொடுத்து, மீதி அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் போனார்."

ஆறு நாள் முன்பு நடந்தது. நான் மறந்தே போயிருந்தேன். மறுநாள் முதலாளியிடம் சொல்லி மீதி 5,000 வாங்கிக் கொடுத்தேன். எட்டு மூன்றாகிற கனவுக்குப் புத்தகத்தில் பலன் தேடியிருந்தால் பண நஷ்டம் என்று ஏதாவது கிடைத்திருக்கும். பெயிண்டர் கிடைத்திருக்க மாட்டார்.

கனவில் முந்தின நாளின் துண்டுகள் வருவது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நடந்ததும் திரும்ப வரும் என்பது. தூக்க ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்துப் பதிந்திருக்கிறார்கள். அதனால் வலது பக்கம் எழுதும்போது நேற்றோடு நிறுத்தாமல் ஒரு வாரத்தைப் புரட்டுங்கள். வருகிற துண்டும் நேர் உருவில் வராது. ஆள் மாறும், இடம் மாறும், அந்த நேரத்து மனசு மட்டும் மாறாமல் வரும். அதனால்தான் வலது பக்கத்தில் நான் கேட்கிற முதல் கேள்வி, "இதே மனசு விழித்திருக்கும்போது எப்போது இருந்தது?"

அர்த்தம் என்று எதைச் சொல்வது

பல் விழுந்தால் சொந்தத்தில் சாவு, கல்யாணம் கண்டால் கெட்டது, தானே செத்ததாகக் கண்டால் ஆயுசு கெட்டி. இவற்றையெல்லாம் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். பதினான்கு வருஷ நோட்டை வைத்துப் பார்த்தேன். பல் விழுந்த கனவு ஒன்பது. அதில் எதற்குப் பின்னாலும் சாவு வரவில்லை. நாலு முறை எனக்கு உண்மையிலேயே பல்வலி இருந்தது. பலன் சொன்ன பெரியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பயந்து கிடக்கிற மனசுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, கொடுத்தார்கள். ஆனால் ஒரு கனவைச் சொல்லிக் கர்ப்பமாக இருக்கிற பெண்ணை மாதக்கணக்கில் பயமுறுத்தி வைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதை ஏற்க முடியாது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த மாதங்களின் தூக்கத்தை யார் திருப்பித் தருவது?

படித்தவர்களிடமும் ஒரே பதில் இல்லை. வியன்னாவில் மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்டு, நிறைவேறாத ஆசை வேஷம் போட்டு வருவதுதான் கனவு என்றார். 1977-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆலன் ஹாப்ஸனும் ராபர்ட் மெக்கார்லியும், மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்புகிற சிக்னல்களை மேல்மூளை எப்படியோ ஒரு கதையாகக் கோர்க்கிறது, அதுதான் கனவு என்றார்கள். என் அனுபவத்தில் இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. நோட்டில் பாதிக்கு மேல் வெறும் கூட்டித் தள்ளிய குப்பை. ஒட்டகம் டயர் மாற்றியதற்கு நான் அர்த்தம் தேடியதில்லை. ஆனால் குப்பையைக் கோர்க்கிற நூல் என்னுடையது. எந்த நூலால் கோர்க்கிறோம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதற்கு ஒரு கனவு போதாது. மாதக் கடைசியில், கணக்கு முடிக்கிற மாதிரி, நோட்டைத் திரும்பப் படியுங்கள். சிவப்புப் பேனாவால் ஆள், இடம், தண்ணீர், வண்டி, வீடு என்று திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் வட்டமிட்டு, கடைசியில் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுங்கள். என் வீட்டுக்காரர் கல்கத்தா, கௌஹாத்தி என்று இருபது நாள் டிரிப் போன மாதங்களில் என் நோட்டில் அவர் வாரத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். வீட்டோடு இருக்க ஆரம்பித்தபின் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். திருக்குறளில் 122-ஆம் அதிகாரம் முழுக்க இதுதான், நேரில் வராதவர் கனவில் வருவது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது புரியவில்லை. கோடு போட்டு எண்ணியபோது புரிந்தது.

அம்மா வந்த கனவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்கிற கனவு முதல் வருஷத்தில் மட்டும் பதினொரு முறை. சொந்தக்காரர்கள் ராமேஸ்வரம் போய் தர்ப்பணம் கொடுக்கச் சொன்னார்கள். போய்வந்தோம், மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. கனவு நிற்கவில்லை. பன்னிரண்டாவது முறை வலது பக்கத்தில் எழுத உட்கார்ந்தபோதுதான், அதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதினேன். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அம்மா தண்ணீர் கேட்டாள். வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். "நீயுமா கண்ணு" என்று கேட்டாள். இதை எழுதிவிட்டு அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். இருவரும் அழுதோம். அதற்கப்புறமும் கனவு வந்தது, ஆனால் மாறி வந்தது. 2014 ஆடியில் வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அடுத்த வருஷம் அம்மா சொம்பைத் தூக்கிக் குடித்தாள், கழுத்து அசைவது தெரிந்தது. அதற்குமேல் அந்தக் கனவு வரவில்லை.

எங்கள் ஊர் நாமகிரித் தாயாரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கணித மேதை ராமானுஜன் குடும்பத்துக்கு அவள்தான் குலதெய்வம். கணக்குகளைத் தாயார் கனவில் காட்டிக்கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நான் அதை அப்படியே நம்புகிறவள், வெள்ளிக்கிழமை தவறாமல் சன்னதிக்குப் போகிறவள். கூடவே ஒன்றையும் நினைப்பேன். அவர் விழித்திருக்கிற நேரமெல்லாம் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து எழுதி அழித்தவர். தாயார் கொடுத்ததை வாங்கிக்கொள்ள அந்தக் கை பகலெல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. ஏதாவது வேலையில் முடிச்சு விழுந்திருந்தால், படுக்கும் முன் அதை ஒரே வரியில் கேள்வியாக நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள். தினமும் பதில் வராது. ஆனால் நாள் முழுக்க மனசைக் கொடுத்த விஷயத்தைத்தான் கனவு தொடும்.

கெட்ட கனவு

என் அப்பத்தா கெட்ட கனவு கண்டால் கட்டுத்தறிக்குப் போய் பசுமாட்டின் காதில் சொல்லிவிட்டு வரும். யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் செய்கிற முறை அதிலிருந்து இன்னும் ஒரு படி. மருத்துவர்களும் கெட்ட கனவுக்கு இதையே ஒரு சிகிச்சையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: கனவைப் பகலில் எழுதி, உங்கள் இஷ்டப்படி மாற்றி, மாற்றியதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது.

எனக்கு வருஷக்கணக்கில் வந்தது இது. ராத்திரி போன் அடிக்கும். வீட்டுக்காரர் நம்பர். எடுத்தால் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும், பேச்சு வராது. வேர்த்து விழிப்பேன். ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அதை எழுதி, முடிவை மாற்றினேன். போன் அடிக்கிறது, எடுக்கிறேன், எஞ்சின் சத்தம். "எங்கங்க இருக்கீங்க?" என்கிறேன். "ஆண்டகளூர் கேட் தாண்டிட்டேன், வெந்நீர் போட்டு வை" என்கிறார். இதைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம் கண்ணை மூடி, குண்டாவில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் வரைக்கும் நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தக் கனவு குறைந்தது. ஒருமுறை கனவிலேயே "எங்கங்க இருக்கீங்க" என்று கேட்டுவிட்டேன்.

செய்கிறவர்கள் பழைய கனவைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், மாற்றியதை மட்டும் ஓட்டுங்கள். இருப்பதிலேயே பயங்கரமான கனவில் ஆரம்பிக்காதீர்கள். விபத்தையோ சாவையோ நேரில் பார்த்து, அதுவே கனவாக வந்து தூக்கத்தைப் பறிக்கிறது என்றால் தனியாகப் போராட வேண்டாம், மனநல மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளாலும் பயங்கரக் கனவு வரும். புது மாத்திரை தொடங்கிய தேதியை நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சின்னக் குழந்தை படுத்த ஓரிரு மணி நேரத்தில் வீறிட்டு எழுந்து உட்காரும், கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் தெரியாது. அது கனவு இல்லை, ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற பயம். காலையில் குழந்தைக்கு ஞாபகமே இருக்காது. உலுக்கி எழுப்பாமல், விழாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும். விடியக்காலையில் அழுதுகொண்டே வந்து "பூச்சாண்டி வந்தது" என்று கதை சொன்னால் அதுதான் கெட்ட கனவு. அதற்கு மடியில் வைத்துக் கேட்க வேண்டும், அப்புறம் "பூச்சாண்டி என்ன பண்ணலாம் சொல்லு" என்று முடிவை அந்தக் குழந்தையையே மாற்ற வைக்க வேண்டும். என் பேரன் பூச்சாண்டிக்கு இட்லி கொடுத்து அனுப்பினான்.

உடம்பு கட்டுண்டும், கட்டவிழ்ந்தும்

ரெம் தூக்கத்தில் மூளை ஒரு வேலை செய்கிறது. கண்ணையும் மூச்சையும் விட்டுவிட்டு மற்றத் தசைகளின் கட்டளையை நிறுத்திவைக்கிறது. அதனால்தான் கனவில் ஓடினாலும் பாயில் கிடக்கிறோம். சில சமயம் நாம் விழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழச் சில நொடி, ஓரிரு நிமிஷம்கூட ஆகும். கண் திறந்திருக்கும், கை அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது இதைத்தான். தூக்கம் கெட்டவர்களுக்கு, மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வரும். கத்தப் பார்க்காதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, ஒரே ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். விரல் அசைந்ததும் மற்றது தானாக விடும்.

இதற்கு நேர் எதிரானது எங்கள் வீட்டில் நடந்தது, அதை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனசில்லை. அவர் வண்டியை விட்டு இறங்கி இரண்டு வருஷத்தில், விடியக்காலையில் வலது காலால் உதைக்க ஆரம்பித்தார். ஒருமுறை தலைமாட்டில் வைக்க இடமில்லாமல் கால்மாட்டில் வைத்திருந்த எவர்சில்வர் சொம்பு சுவரில் போய் மோதியது. என் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போகும். எழுப்பிக் கேட்டால், "தொப்பூர் இறக்கம், பிரேக் பிடிக்கல" என்பார். சேலம் வழியாக லோடோடு வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் என்றால் என்னவென்று தெரியும். பக்கத்தில் ஒருவர் செய்வினை என்றார். முதலில் காட்டிய டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் நோட்டில் எல்லாவற்றையும் தேதியும் மணியும் போட்டு எழுதியிருந்தேன். கோயம்புத்தூரில் நரம்பியல் டாக்டர் அந்த நாலு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான், தலையிலும் காலிலும் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்கப் பதிவெடுத்தார். கனவில் உடம்பைக் கட்டுகிற அந்த ஏற்பாடு தளர்ந்துபோயிருக்கிறது என்றார். 1986-ல்தான் அமெரிக்காவில் மின்னசோட்டா டாக்டர்கள் இதை மனிதர்களிடம் விவரமாகப் பதிந்தார்கள். ஐம்பது தாண்டிய ஆண்களிடம் அதிகம். இது இருக்கிறவர்களில் பலருக்குப் பல வருஷம் கழித்துப் பார்க்கின்சன் நோய் வருகிறது. அதனால் வருஷம் ஒருமுறை நடை, கை நடுக்கம், மோப்பம் எல்லாம் பார்க்கச் சொன்னார். போய்க்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது தூக்கத்தில் கனவை அப்படியே நடித்து அடிப்பது, உதைப்பது, கட்டிலிலிருந்து குதிப்பது என்றிருந்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போடுங்கள், சுற்றிலும் கண்ணாடி, சொம்பு, மேஜை முனை எதுவும் வேண்டாம், பக்கத்தில் படுப்பவர் தனி மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். உதைக்கும்போது தொட்டு உலுக்கினால் கனவில் வருகிற ஆளென்று நினைத்து அடி விழும். கொஞ்சம் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நான் பேர் சொல்வதில்லை. "வண்டி நின்னுருச்சுங்க" என்பேன். இரண்டு முறை சொன்னால் கால் தளரும். நரம்பியல் டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு அப்புறம் உதைப்பது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். காலையில் காபி குடித்துக்கொண்டே அவர் கனவைச் சொல்லுவார், டிரிப் கணக்குச் சொன்ன அதே வரிசையில், ஊர் ஊராக. இடது பக்கம் நான் எழுதுவேன். வலது பக்கத்தை அவரிடம் கொடுத்துவிடுவேன், அது அவர் நாள். போன செவ்வாய்க்கிழமை இடது பக்கத்தில் இருப்பது: "4.20. பயம் இல்லை. தொப்பூர். லோடு இல்லாத வண்டி. பழைய கிளீனர் பையன் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறான்." வலது பக்கத்தில் அவர் எழுதியது ஒரே வரி, அந்தப் பையனின் பேரும், அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும்.